செய்கையின் அளவுகோல்: கடமையா, பயனா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் நன்னெறிக் கல்வி என்று ஒரு பாடம் உண்டு. 1983ஆம் ஆண்டில் ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தபோது, முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கென்று அது சேர்க்கப்பட்டது. நேர்மை, அன்புடைமை, நன்றி மறவாமை என்று பண்புகள் வரிசையாக வரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தேர்வில் எழுதியும் விடுவார்கள். அதில் எங்களுக்குத் தொல்லை இல்லை. ‘ஏன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்கும்போதுதான் பாடம் உண்மையில் தொடங்குகிறது.

“பொய் ஏன் சொல்லக்கூடாது?” என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “மாட்டிக்கொண்டால் அடி விழும், ஐயா” என்பான் ஒருவன். “பிறகு நம்மை யாரும் நம்பமாட்டார்கள்” என்பாள் ஒரு சிறுமி. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், “தப்பு தப்புதான், ஐயா. அதற்கு என்ன காரணம்?” என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

இந்த மூன்று விடைகளையும் சற்றுக் கூர்ந்து நோக்கினால், முதல் இரண்டும் ஒரு பக்கம், மூன்றாவது மறுபக்கம் என்பது விளங்கும். முதல் இருவரும் பொய்யால் என்ன நேரும் என்று பார்த்தார்கள். மூன்றாமவன் என்ன நேர்ந்தாலும் அக்கறையில்லை, பொய் என்பதே ஆகாது என்றான். ஒழுக்கத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இரு பெரும் அணிகளாகப் பிரிந்து நிற்பதும் இதே இடத்தில்தான். ஒன்று கடமைநெறி. மற்றொன்று பயன்நெறி. இன்று இவ்விரண்டையும் பற்றிச் சிறிது பேசுவோம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். நெகிரி செம்பிலானில் இன்று ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆயினும் நம்மில் பலருக்குப் பால்மரத்தின் வாசனை மறக்கவில்லை. மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எடைக்குத் தக்கபடி சம்பளம். அப்படியானால் வாளியில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் என்ன? ஆற்றுத் தண்ணீருக்கு யாரும் காசு கேட்பதில்லையே! இந்த எண்ணம் தோன்றாத தோட்டம் உலகத்தில் இருந்திருக்க முடியாது. அதனால்தான் பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு என்று காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி வந்தது. பாலில் விட்டால் அது மிதக்கும் அளவைக் கொண்டு, எடையில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டுவிடலாம். பாலில் தண்ணீர் சேர்த்தவர்களும் உண்டு. மறுபுறம், கருவியைத் தமக்கு வேண்டியபடி படித்து, உழைத்தவரின் எடையைக் குறைத்து எழுதியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

பயன்நெறிக்காரர் இதை எப்படி ஆராய்வார்? தண்ணீர் சேர்த்தால் ஒருவருக்குச் சில காசு கூடும். கண்டுபிடிக்கப்பட்டால் வேலை போகும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் நிர்வாகம் எல்லாருடைய பாலையும் சந்தேகிக்கும், விகிதத்தைக் குறைக்கும், நேர்மையாக வெட்டிய நூறு பேருக்கும் நட்டம் வரும். ஆக மொத்தத்தில் இன்பத்தைவிடத் துன்பம் மிகுதி. எனவே அது தவறு என்று முடிப்பார்.

கடமைநெறிக்காரருக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தேவையில்லை. “நீ செய்வதை எல்லாரும் செய்யலாம் என்று ஒரு விதி போட உன்னால் முடியுமா?” என்று மட்டும் கேட்பார். எல்லாரும் தண்ணீர் சேர்த்தால் எடை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகும். பிறகு தண்ணீர் சேர்த்து யாரை ஏமாற்றுவது? மற்றவர்கள் நேர்மையாக இருப்பதால்தான் ஒருவனுடைய ஏமாற்று பலிக்கிறது. தனக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி என்று அவன் வைத்துக்கொண்டான். குற்றம் அதிலேயே இருக்கிறது. கிராணி கண்டுபிடித்தாரா இல்லையா என்பதில் இல்லை.

இவ்வாறு கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் இம்மானுவேல் காண்ட் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர். 1724இல் கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்து, வாழ்நாளில் அந்த வட்டாரத்தை விட்டு அதிகம் வெளியே செல்லாமல், 1804இல் அங்கேயே மறைந்தார். தம் ஒழுக்கக் கொள்கையின் அடிப்படைகளை 1785இல் நூலாக வெளியிட்டார். மனிதனை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே, ஒவ்வொரு மனிதனும் தன்னளவில் மதிப்புடையவன் என்பது அவர் வகுத்த மற்றொரு விதி. தோட்டத்தில் வாழ்ந்த மக்களுக்கு இந்த விதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆளாக நின்றோமா, எண்ணாக நின்றோமா என்பதை நம் பாட்டன் பாட்டிமார் அறிவார்கள்.

பயன்நெறியின் தந்தை என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமி பெந்தாமைச் சொல்வர். அவருடைய முக்கிய நூல் 1789இல் வெளிவந்தது. அவருக்குப் பின் அந்தக் கொள்கையைச் செம்மை செய்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். இந்த மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவைக் கண்ணால் காணாமலேயே இந்திய ஆட்சிக் கடிதங்களை எழுதிக் கொண்டிருந்தார். பயன்நெறியின் வலிமையும் பலவீனமும் அந்த ஒரு செய்தியிலேயே தெரிகின்றன என்பது நமது கருத்து. ஒவ்வொருவருடைய இன்ப துன்பமும் ஒரே அளவில் எண்ணப்பட வேண்டும், அரசனும் ஆண்டியும் கணக்கில் ஒன்றே என்றது அக்கொள்கை. இது பெரிய கொள்கைதான். ஆனால் கணக்கு எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? யாரையெல்லாம் அவர் காண்கிறார்? இதைக் கேளாமல் விட முடியாது.

நம் பள்ளிகளின் கதையே இதற்கு நல்ல சான்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று ஆக்கியது. இது கடமை. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் செய்தாக வேண்டியது. ஆனால் பல தோட்டங்களில் நிர்வாகம் பயனைத்தான் பார்த்தது, அதுவும் தன் பயனை. பிள்ளை படித்தால் வெட்டுக்கு வருமா என்ற கணக்கு. ஆகவே பல இடங்களில் ஆயாக் கொட்டகையின் ஓர் ஓரமே பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. காண்ட் இதைப் பார்த்திருந்தால் கடமைக்கு ஏற்ப நடந்ததாகத்தான் ஒப்புக்கொண்டிருப்பார். கடமை உணர்வினால் நடந்தது என்று ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டார். இவ்விரண்டையும் அவர் வேறு வேறாகவே வைத்தார். மில்லும் இதை ஏற்றிருக்க மாட்டார். முதலாளியின் லாபத்தை மட்டும் கூட்டிவிட்டு அதைப் பொதுப் பயன் என்று சொல்ல அவர் கொள்கையில் இடமில்லை. பயன்நெறி என்றாலே சுயநலம் என்று எண்ணிக்கொள்வது பெரும் பிழை.

இன்றைக்கும் இந்தக் கேள்வி தீரவில்லை. மாநிலத்தில் 60ஐ ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, 150 மாணவருக்குக் குறைந்த, குறைந்த மாணவர் பள்ளி என்ற வகையைச் சேர்ந்தவை. தோட்டம் துண்டாடப்பட்டு, வீட்டுமனையாகி, மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபோன பின், பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு நிற்கும் பள்ளியை என்ன செய்வது? ஊர்ப்பக்கம் மாற்றினால் அதிகப் பிள்ளைகள் பயன் பெறுவார்கள். தோட்டத்திலேயே மிஞ்சியிருக்கும் அந்தச் சில குடும்பங்கள்தாம் இருப்பவர்களிலேயே ஏழைகள். அவர்களின் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பேருந்து பிடிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மாற்றுவதே சரி என்று வரலாம். அந்தச் சில பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடமை, கூட்டல் கணக்கில் கரைந்துவிடுமா? எங்கள் ஆசிரியர்களிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. நாம் மாற்றுவதையே ஆதரிக்கிறோம், ஆனால் பேருந்துக் கட்டணத்தை அந்தப் பெற்றோர் தலையில் போடாத வரைக்கும்தான்.

இனி, இரு நெறிகளும் நேருக்கு நேர் மோதும் இடத்திற்கு வருவோம்.

1797ஆம் ஆண்டில் காண்ட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் உங்கள் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். அவன் தேடி வந்த உங்கள் நண்பர் உள்ளே ஒளிந்திருக்கிறார். “இங்கே இருக்கிறானா?” என்று அவன் கேட்கிறான். பொய் சொல்லலாமா? பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கொன்ஸ்தான் எழுப்பிய வாதத்திற்கு விடையாக, அப்போதும் பொய் ஆகாது என்றார் காண்ட். அவர் சொன்ன காரணம் விந்தையானது. நீங்கள் ‘இல்லை’ என்று பொய் சொல்கிறீர்கள். அதற்குள் நண்பர் உங்களுக்குத் தெரியாமல் பின்பக்கமாக வெளியேறிவிட்டார். திரும்பிப் போகும் கொலைகாரன் வழியில் அவரைக் கண்டு கொன்றுவிடுகிறான். அப்போது அந்தச் சாவுக்கு உங்கள் பொய்யே காரணமாகிவிடும். உண்மை சொல்லியிருந்தால் உங்கள் மேல் பழி இல்லை என்கிறார்.

இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் மகாபாரதத்தின் கௌசிகர் நினைவுக்கு வராமற் போகாது. கர்ண பருவத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்லும் கதை அது. உண்மை தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று விரதம் பூண்ட கௌசிகர், ஆறுகள் கூடும் இடத்தில் தவம் செய்துகொண்டிருந்தார். கொள்ளையருக்கு அஞ்சிய சிலர் ஓடிவந்து அருகிலிருந்த காட்டுக்குள் புகுந்தார்கள். பின்னால் வந்த கொள்ளையர், “உண்மை பேசுகிறவரே, எந்த வழியில் போனார்கள்?” என்று கேட்டார்கள். அவர் வழியைக் காட்டினார். ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கௌசிகர் நரகம் புகுந்தார் என்பது கதையின் முடிவு.

அதே வாயில், அதே கேள்வி. ஆனால் தீர்ப்பு நேர்மாறானது! கண்ணன் இக்கதையைச் சொன்ன சந்தர்ப்பமும் கவனிக்கத்தக்கது. காண்டீவத்தை வேறொருவருக்குக் கொடு என்று தன்னிடம் யார் சொன்னாலும் கொல்வேன் என்று அர்ச்சுனன் சபதம் செய்திருந்தான். தருமரே சினத்தில் அதைச் சொல்லிவிட்டார். அர்ச்சுனன் வாளை எடுத்தான். சபதத்தைக் காப்பது கடமை. அண்ணனைக் கொல்லாதிருப்பதும் கடமை. கடமைநெறிக்கு உள்ளேயே இரண்டு கடமைகள் மோதும்போது எது வெல்லும் என்பதைக் காண்ட் போதிய அளவு சொல்லவில்லை என்று பிற்காலத்தார் குறை கூறினர். 1930இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. டி. ராஸ் இதற்கு ஒரு வழி காட்டினார். வாக்குக் காத்தல், நன்றி செலுத்துதல், தீங்கு செய்யாமை என்று கடமைகள் பல. எல்லாமே நம்மைக் கட்டுப்படுத்தும். மோதும் இடத்தில் எது கனமானது என்று நிலைமையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தோற்ற கடமையும் அழிந்துவிடுவதில்லை, அதற்காக வருந்தவும் ஈடு செய்யவும் கடமைப்பட்டிருக்கிறோம் என்றார். இது குடும்பம் நடத்துகிற யாருக்கும் எளிதில் விளங்கும் கருத்து.

வள்ளுவர் என்ன சொல்கிறார்? திருக்குறளின் முப்பதாம் அதிகாரம் வாய்மை. அதன் தொடக்கத்திலேயே, உண்மை என்பது பிறருக்குச் சிறிதும் தீங்கு தராத சொல்லைச் சொல்வது என்று வரையறுத்துவிடுகிறார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் சொல்லவில்லை. அடுத்த குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். இதை மட்டும் படித்துவிட்டு வள்ளுவர் பயன்நெறிக்காரர் என்று முத்திரை குத்துவோர் உண்டு. அவர்கள் அறுபத்தாறாம் அதிகாரமாகிய வினைத்தூய்மைக்குப் போக வேண்டும். பெற்ற தாய் பசித்திருப்பதைக் கண்ணால் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று அங்கே கட்டளையிடுகிறார். தாயின் பசியைவிடப் பெரிய பயன் வேறென்ன? அதற்கும் வளையவில்லை. சொல்லில் பயனைப் பார்க்க விடுகிறவர் செயலில் விடுவதில்லை. பொய்க்கு அவர் தரும் அனுமதியிலும் ‘குற்றமற்ற’ நன்மை என்ற காவல் இருக்கிறது. ஒருவருக்கு நன்மை செய்து மற்றொருவரைக் கெடுக்கும் பொய்க்கு அந்த வாசலில் இடமில்லை.

இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. நம் தோட்டங்களின் வாயிலுக்கே இக்கேள்வி வந்து நின்ற காலம் ஒன்று உண்டு. ஜப்பானியர் 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார் போய்விட்டார்கள். பல தோட்டங்களைக் கிராணிமாரே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரப்பருக்கு ஏற்றுமதி இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அப்போது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டவர் பல்லாயிரவர். அங்கே மாண்ட வெள்ளைக்காரச் சிறைக்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். லயத்தில் ஒளிந்திருந்த மகனைப் பற்றிக் கேட்டபோது, “அவன் செத்துப் போய்விட்டான்” என்று சொன்ன தாய்மாரைக் காண்ட் குறை சொல்லலாம். நம்மில் யாரும் சொல்லப்போவதில்லை. அந்தப் பொய்யால் கெட்டவர் யாருமில்லை. வள்ளுவரின் குற்றமற்ற நன்மை அதுவே. அவ்வளவில் கேள்வி எளிது.

கடினமான இடம் கிராணியின் மேசை. இருபது பெயர் எழுது என்கிறார்கள். எழுதாவிட்டால் அகப்பட்டவர்களை இழுத்துப் போவார்கள், எழுத மறுத்தவரையும் சேர்த்து. ஒரு நல்ல கிராணியை மனத்தில் கொள்ளுங்கள். பிள்ளைக்குட்டிக்காரரை விட்டுவிட்டுத் தனியாட்களின் பெயரை எழுதலாமா? அப்படி எழுதினால் அநாதையாகும் குழந்தைகள் குறைவு. பயன்நெறி இதை ஒப்பும். ஆனால் அந்தத் தனியாளுக்கும் ஊரில் ஒரு தாய் காத்திருப்பாள். அவனைக் கேளாமல் அவன் உயிரை மற்றவர்களுக்கு ஈடாகக் கொடுக்க அந்தப் பேனாவுக்கு உரிமை தந்தவர் யார்? மனிதனை வெறும் கருவியாக்காதே என்ற விதி இங்கே நம்மை உறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. தொடக்கத்தில், நல்ல சம்பளம், சில மாத வேலை, திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் ஆள் திரட்டினார்கள். பெயர் எழுதியவருக்கே அது சாவுப் பட்டியல் என்பது முதலில் தெரிந்திராது. விளைவைக் கொண்டு செயலை அளக்கும் கொள்கை, விளைவு தெரியாத காலத்தில் கைவிட்டுவிடுகிறது. உயிரோடு திரும்பியவர்கள் வாய்திறந்த பிறகு பட்டியல் எழுதியவருக்கு அந்தச் சாக்கும் இல்லை.

தமக்குப் பிடிக்காதவன் பெயரையும், பெண் கொடுக்க மறுத்த வீட்டான் பெயரையும் எழுதியவர்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் கடமையும் இல்லை, பயனும் இல்லை. பழிதீர்த்தல் அது. இன்னும் சிலர், ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற செய்தியை முதல் நாள் இரவே லயத்தில் பரவவிட்டு, காலையில் காலி வீடுகளைக் காட்டினார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் கடமையா பயனா என்ற கிடுக்கிக்குள் நிற்காமல் மூன்றாவது வழியைத் தேடினார்கள். தத்துவ நூல்களில் வாயில் ஒன்றுதான், விடையும் இரண்டுதான். லயத்து வீட்டுக்குப் பின்வாசலும் உண்டு.

அண்மைக் காலத்திலும் நம் மாநிலத்திலேயே இத்தகைய தேர்வு ஒன்று நேர்ந்தது. 1998இன் இறுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நிற்கவில்லை. நட்டத்துக்கு அஞ்சி அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் தெற்கே இறங்கி, சிரம்பானை அடுத்த சிக்காமாட்டையும், போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் கிராமங்களையும் அடைந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது வேறொரு புதிய கிருமி என்று கண்டறிந்தார். நோயாளி ஒருவரின் ஊர்ப்பெயரால் அதற்கு நிப்பா என்று பெயராயிற்று. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் அது தாவியது. நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் மாண்டனர்.

பிப்ரவரி இறுதியில் தொடங்கி, இராணுவத்தையும் துணைகொண்டு, 10 லட்சம் அளவிலான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். நோயுற்றவை மட்டுமல்ல, வட்டாரத்தில் இருந்தவை அனைத்தும். பலருடைய வாழ்நாள் உழைப்பு சில நாளில் குழிக்குள் போயிற்று. பயன்நெறியின் தீர்ப்பு இது; நாம் அறிந்தவரை சரியான தீர்ப்பும்கூட. நோய் அதன்பின் இந்நாட்டில் தலைகாட்டவில்லை. ஆனால் ராஸ் சொன்ன தோற்ற கடமை இங்கேதான் எழுந்து நிற்கிறது. பலரைக் காக்கச் சிலருடைய பிழைப்பை அழித்தால், அந்தச் சிலருக்கு ஈடு செய்ய வேண்டும். அது இரக்கப்பட்டுக் கொடுக்கும் நன்கொடை அன்று, கடன். இழப்பீடு கொடுக்கப்பட்டது, போதுமானதா என்ற வாதம் நெடுநாள் நீடித்தது. பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்தவர்களைப் பற்றி அந்த வாதத்தில் அதிகம் கேட்கவில்லை. அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். பன்றி அவர்களுடையதன்று, ஆகவே கணக்கில் அவர்களுக்கு இடம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பண்ணையாளர் ஒருவரின் நிலையில் நின்றும் இதைப் பார்க்கலாம். தம் பன்றிகள் சில இருமுகின்றன. இன்றே விற்றுவிட்டால் கடன் அடையும். வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா? நோய் என்னவென்றே டாக்டர்களுக்குத் தெரியாத வாரங்கள் அவை. விளைவைக் கணிக்க அவரிடம் ஆதாரம் ஏதுமில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு உள்ளதைச் சொல்வது என்ற பழைய கடமைக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. விளைவு இருட்டாக இருக்கும் இடத்தில் கடமை கைவிளக்காக உதவும் என்பதை இங்கே காண்கிறோம். வெளிச்சம் வந்து, கிருமியின் பெயர் தெரிந்து, எத்தனை பண்ணை, எத்தனை உயிர் என்று எண்ண முடிந்த பிறகு, கணக்கை மறுத்துக் கடமையை மட்டும் பேசியிருந்தால் சாவு கூடியிருக்கும்.

புக்கிட் பெலாண்டோக்கில் பின்னர்ப் பன்றி வளர்ப்புக்கு அனுமதி இல்லை. அந்த நிலத்தில் பலர் செம்பனையும் பழமரங்களும் பயிரிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள்.